பெருங்குடல் புற்றுநோய்: ஆரம்ப நிலை எண்களை எப்படிப் படிப்பது?

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் பற்றித் தேடுகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது மூன்று எண்கள். அமெரிக்கப் புள்ளிவிவரப்படி, கட்டி குடலைத் தாண்டாத நிலையில் கண்டுபிடிக்கப்பட்டால் ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம் சுமார் 91%. பக்கத்துத் திசுக்களுக்கோ நிணநீர் முடிச்சுகளுக்கோ போயிருந்தால் சுமார் 74%. கல்லீரல், நுரையீரல் என்று தொலைவுக்குப் பரவிவிட்டிருந்தால் 15%-ஐ ஒட்டி. ஒரே நோய்தான், கண்டுபிடிக்கும் நேரத்தைப் பொறுத்து இவ்வளவு பெரிய இடைவெளி.

பயாப்சி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரவில் தேடிக்கொண்டிருப்பவருக்கு இந்த எண்கள் நிம்மதியும் தரலாம், தூக்கத்தையும் கெடுக்கலாம். அதற்கு முன்னால் அவை எதை எண்ணுகின்றன, எதை விட்டுவிடுகின்றன என்று தெரிந்துகொள்வது நல்லது. இந்தப் புற்றுநோயில் சீக்கிரம் கண்டுபிடிப்பது உண்மையிலேயே உயிரைக் காக்கிறது. ஆனால் 91% என்ற எண்ணை மட்டும் வைத்து அதை நிரூபித்துவிட முடியாது. ஏன் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

மூன்று கேள்விகள், மூன்று எண்கள்

நிகழ்வு விகிதம் என்பது ஒரு வருடத்தில், ஒரு லட்சம் பேரில், புதிதாக எத்தனை பேருக்கு நோய் கண்டுபிடிக்கப்பட்டது என்ற கணக்கு. உயிர்வாழ்வு விகிதம் நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்களில் இத்தனை ஆண்டுக்குப் பிறகு எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று கேட்கிறது. இறப்பு விகிதம் மறுபடியும் மொத்த மக்களிடம் போகிறது: ஒரு லட்சம் பேரில் இந்த நோயால் ஒரு வருடத்தில் எத்தனை பேர் இறந்தார்கள்? நிகழ்வுக்கும் இறப்புக்கும் வகுக்கும் எண் ஊர் மக்கள்தொகை, உயிர்வாழ்வுக்கு நோயாளிகள் தொகை. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

உலக அளவில் 2022-இல் சுமார் 19 லட்சம் பேருக்குப் புதிதாக இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது, சுமார் 9 லட்சம் பேர் இறந்தார்கள். எண்ணிக்கையில் எல்லாப் புற்றுநோய்களிலும் மூன்றாவது இடம், உயிரிழப்பில் இரண்டாவது இடம். நாடுகளை ஒப்பிடும்போது வயதைச் சரிக்கட்டித்தான் பார்ப்பார்கள். முதியவர்கள் நிறைந்த ஜப்பானையும் இளைஞர்கள் நிறைந்த இந்தியாவையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் ஒப்பீடு தப்பாகிவிடும். சரிக்கட்டிய பிறகும் இந்தியாவின் விகிதம் அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பானைவிட வெகுவாகக் குறைவு.

இந்த எண்கள் எல்லாம் புற்றுநோய்ப் பதிவேடுகளிலிருந்து வருகின்றன. அமெரிக்காவில் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் 'சீர்' பதிவேடு 1973 முதல் இந்த வேலையைச் செய்கிறது. ஒரு பகுதியில் வசிக்கும் எவருக்குப் புற்றுநோய் வந்தாலும் வயது, உறுப்பு, நிலை, சிகிச்சை, பிறகு அவர் உயிரோடு இருக்கிறாரா என்பது வரை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து எழுதிவைப்பார்கள். சென்னைக்கும் அப்படி ஒரு பதிவேடு 1980-களின் தொடக்கத்திலிருந்தே அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் இருக்கிறது. இந்த வேலையைச் செய்பவர்கள் வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையில் ஒரு எண்கூட இருக்காது.

ஆரம்ப நிலை என்றால் எது?

பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம். அதன் சுவரில் உள்ளிருந்து வெளியே அடுக்குகள் இருக்கின்றன: முதலில் சளிச்சவ்வு, அதன் கீழே ஒரு மெல்லிய திசு, அப்புறம் தசை, அதற்கு வெளியே கொழுப்பும் மேல் உறையும். புற்றுநோய் உள்பக்கத்தில், சளிச்சவ்வில் தொடங்குகிறது. அது எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

இதை முதலில் முறையாக வகுத்துக் காட்டியவர் கத்பர்ட் டியூக்ஸ். லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் நோய்க்கூறு நிபுணராக இருந்தவர். ஆபரேஷனில் எடுத்த மலக்குடல்களை வரிசையாக ஆராய்ந்து, 1932-இல் ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தார். கட்டி சுவருக்குள் நின்றால் ஏ. சுவரைத் தாண்டினால் பி. நிணநீர் முடிச்சை எட்டினால் சி. எட்டுவது எதுவரை என்பதை வைத்து நோயாளி பிழைப்பாரா என்று சொல்ல முடிந்தது. பழைய டாக்டர்கள் சிலர் 'டியூக்ஸ் பி' என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

இன்று ரிப்போர்ட்டில் வருவது டிஎன்எம் முறை. டி என்பது ஆழம், என் என்பது நிணநீர் முடிச்சு, எம் என்பது தொலைவுப் பரவல். சளிச்சவ்வுக்கு அடியில் உள்ள மெல்லிய திசுவரை போனால் டி1, தசைக்குள் போனால் டி2, தசையைத் தாண்டி வெளிப்புறத் திசுவுக்குள் போனால் டி3, மேல் உறையைத் துளைத்தாலோ பக்கத்து உறுப்பைப் பிடித்தாலோ டி4. முடிச்சில் எதுவும் இல்லாத டி1, டி2 இரண்டும் முதல் நிலை. முடிச்சில் இல்லாத டி3, டி4 இரண்டாம் நிலை. முடிச்சில் இருந்தால் மூன்றாம் நிலை. வேறு உறுப்புக்குப் போயிருந்தால் நான்காம் நிலை.

இவை போக பூஜ்ய நிலை ஒன்று உண்டு. செல்கள் புற்றுநோய்த் தோற்றத்தில் இருந்தாலும் சளிச்சவ்வைத் தாண்டவில்லை என்று அர்த்தம். பெருங்குடலின் சளிச்சவ்வில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு என்பதால், அங்கேயே நிற்கும்வரை அது பரவ வழியில்லை. முழுசாக எடுத்துவிட்டால் முடிந்தது. பொதுவாக வெளியிடப்படும் நிகழ்வு விகிதங்களில் இது சேர்க்கப்படுவதில்லை. டி1-க்கு இறங்கியதும் கதை மாறுகிறது, சுமார் பத்தில் ஒருவருக்கு நிணநீர் முடிச்சில் நோய் இருக்கும். அடுக்கின் தடிமன் மில்லிமீட்டர் கணக்கில்தான், ஆனால் எல்லாம் அந்த மில்லிமீட்டரில் இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. தொடக்கத்தில் சொன்ன 91% 'குடலைத் தாண்டாதது' என்ற வகைக்கான எண். முதல் நிலை முழுவதும், இரண்டாம் நிலையில் ஒரு பகுதியும் அதில் அடக்கம். உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள நிலையும் அந்த வகையும் அச்சுக்கு அச்சு பொருந்தாது. அமெரிக்காவிலேயே கண்டுபிடிக்கப்படுபவர்களில் மூன்றில் ஒருவருக்குச் சற்று மேல்தான் இந்த வகையில் வருகிறார்கள்.

ஐந்தாண்டு விகிதம் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

ஐந்தாண்டு என்றதும் 'ஐந்து வருடம்தான் இருப்பார்களா?' என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். அது கெடு அல்ல. இந்த நோய் திரும்ப வருவதானால் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளுக்குள் வந்துவிடும், அதனால் ஐந்து ஆண்டை ஒரு அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். ஐந்தைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் இந்த நோயைக் கடந்தவர்கள்.

இன்னொன்று, இது ஒப்பீட்டு விகிதம். உதாரணமாக 70 வயதுள்ள 100 பேரை எடுத்துக்கொள்வோம். எந்தப் புற்றுநோயும் இல்லாவிட்டாலும் மாரடைப்பு, பக்கவாதம் என்று ஐந்து ஆண்டில் பத்துப் பேர் போய்விடுவார்கள், 90 பேர் இருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வயதுள்ள நோயாளிகள் 100 பேரில் 81 பேர் இருக்கிறார்கள் என்றால், 81-ஐ 90-ஆல் வகுத்து 90% என்று சொல்வார்கள். அதாவது புற்றுநோயின் பங்கை மட்டும் பிரித்துப் பார்க்கும் முயற்சி. 91% என்றால் நூறில் ஒன்பது பேர் இறந்தார்கள் என்று நேரடியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்புறம், இந்த எண் எப்போதும் பழையது. ஐந்து ஆண்டு காத்திருந்து கணக்கெடுக்க வேண்டியிருப்பதால், இன்று நோய் கண்டுபிடிக்கப்படுகிறவருக்குக் கிடைக்கும் சிகிச்சையின் பலன் அதில் முழுதாக இருக்காது.

இதெல்லாம் சிறிய திருத்தங்கள். பெரிய சிக்கல் வேறு. சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் ரயிலில் ஒருவர் தாம்பரத்தில் ஏறுகிறார், இன்னொருவர் திண்டுக்கல்லில் ஏறுகிறார். முதலாமவர் பல மணி நேரம் பயணம் செய்தார், இரண்டாமவர் ஒரு மணி நேரம்தான். ஆனால் இருவரும் மதுரையில் இறங்குவது ஒரே நேரத்தில். நோயைக் கண்டுபிடித்த நாளிலிருந்துதான் உயிர்வாழ்வு எண்ணப்படுகிறது. ஆகவே ஒரு பரிசோதனை நோயை மூன்று ஆண்டு முன்னதாகக் காட்டிக்கொடுத்து, ஆனால் இறக்கும் நாளை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாவிட்டாலும், உயிர்வாழ்வு விகிதம் உயர்ந்துவிடும். நோயாளிக்குக் கிடைத்தது மூன்று ஆண்டு கூடுதல் கவலை மட்டும்.

இதோடு இன்னொரு சாய்வும் சேரும். மெதுவாக வளரும் கட்டி பல ஆண்டு குடலில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும், எப்போது பரிசோதித்தாலும் அகப்படும். வேகமாக வளர்வது இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவே தோன்றி, அறிகுறியோடுதான் வெளியே வரும். ஆகவே பரிசோதனையில் அகப்படும் கூட்டத்தில் இயல்பிலேயே சாதுவான கட்டிகள் அதிகம்.

அதனால்தான் 'எங்கள் நாட்டில் உயிர்வாழ்வு இத்தனை சதவீதம் கூடிவிட்டது' என்று யாராவது சொன்னால் உடனே கேட்க வேண்டிய கேள்வி: இறப்பு விகிதம் குறைந்ததா? இறப்பு விகிதத்தைக் கண்டுபிடிக்கும் நாளை முன்னால் தள்ளி ஏமாற்ற முடியாது.

சரி, இறப்பு குறைந்ததா?

குறைந்தது. இந்தப் புற்றுநோயை நான் மற்றவற்றிலிருந்து தனியாக வைத்துப் பேசுவதற்குக் காரணமே இதுதான்.

அமெரிக்காவின் மினசோட்டாவில் 46,551 பேரைச் சீட்டுக் குலுக்கல் போல மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஆண்டுதோறும் மலத்தில் மறைந்த ரத்தம் இருக்கிறதா என்ற பரிசோதனை, ஒரு குழுவுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, மூன்றாவதுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். 13 ஆண்டுக் கணக்கின் முடிவு 1993-இல் வந்தது: ஆண்டுதோறும் பரிசோதித்த குழுவில் இந்தப் புற்றுநோயால் இறப்பது 33% குறைவு. குலுக்கலில் பிரித்த குழுக்கள், ஒரே நாளில் தொடங்கிய கணக்கு, எண்ணியது இறப்பை. ரயில் சிக்கல் இங்கே இல்லை.

2000-ஆம் ஆண்டில் அதே ஆய்விலிருந்து இன்னொரு முடிவு வந்தது. பரிசோதித்த குழுக்களில் நோய் வருவதே 17 முதல் 20% வரை குறைந்திருந்தது. நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை எப்படி நோய் வருவதைக் குறைக்கும்?

விடை பாலிப்பில் இருக்கிறது. பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் திடீரென்று முளைப்பதில்லை. சளிச்சவ்வில் சின்னக் காளான் மாதிரி ஒரு பாலிப் வருகிறது. அதில் அடினோமா என்ற வகை மெல்ல வளர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக மரபணுக்கள் பழுதாகி, பத்து ஆண்டு வாக்கில் புற்றுநோயாகலாம். ஏபிசி, கேராஸ், பி53 ஆகிய மரபணுக்கள் இந்தப் பாதையில் எப்படிப் படிப்படியாகக் கெடுகின்றன என்ற படத்தை எரிக் ஃபியரனும் பெர்ட் ஃபோகல்ஸ்டைனும் 1990-இல் வரைந்து காட்டினார்கள். எல்லா அடினோமாவும் புற்றுநோயாவதில்லை, பெரும்பாலானவை ஆகாமலே இருந்துவிடும். ஆனால் எது ஆகும் என்று பார்த்துச் சொல்ல முடியாததால், கொலோனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் பரிசோதனை, செய்யும்போதே கம்பி வளையத்தால் பிடித்து எடுத்துவிடுகிறார்கள். மலத்தில் ரத்தம் தென்பட்டவர்களுக்குக் கொலோனோஸ்கோபி செய்தபோது மினசோட்டாவிலும் அதுதான் நடந்தது.

அடினோமா எடுக்கப்பட்ட 2,602 பேரை அமெரிக்காவில் சராசரியாக 16 ஆண்டுக்கு அருகில் பின்தொடர்ந்தார்கள். பொது மக்களின் கணக்குப்படி அவர்களில் 25 பேராவது இந்த நோயால் இறந்திருக்க வேண்டும். இறந்தது 12 பேர். மார்பகப் பரிசோதனையோ நுரையீரல் ஸ்கேனோ நோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும். இங்கே நோய் ஆகும் முன்பே அதை எடுத்துப் போட்டுவிட முடிகிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தவிர இந்த வசதி இவ்வளவு தெளிவாக வேறெங்கும் இல்லை.

வட கலிபோர்னியாவின் கைசர் பெர்மனென்டே அமைப்பு இதைப் பெரிய அளவில் செய்துகாட்டியது. 2006 முதல் 'ஃபிட்' எனப்படும் மலப் பரிசோதனைப் பெட்டியை உறுப்பினர்களின் வீட்டுக்கே தபாலில் அனுப்பியது. பரிசோதனை செய்துகொண்டவர்கள் 2000-இல் 39%, 2015-இல் 83%. அந்த 15 ஆண்டில் நோய் நிகழ்வு கிட்டத்தட்ட 26% குறைந்தது. இறப்பு 52% குறைந்தது. பெரிய கருவி எதுவும் புதிதாக வரவில்லை, தபாலில் ஒரு பெட்டி, செய்யாதவர்களுக்கு மறுபடி ஒரு நினைவூட்டல்.

எல்லா ஆய்வும் இவ்வளவு பளிச்சென்று சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். போலந்து, நார்வே, ஸ்வீடன் நாடுகளில் 84,585 பேரை வைத்து நடந்த நோர்டிக் ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. கொலோனோஸ்கோபிக்கு அழைக்கப்பட்டவர்களில் பத்து ஆண்டில் நோய் வரும் வாய்ப்பு 18% குறைந்தது, இறப்பில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. 'கொலோனோஸ்கோபி வீண்' என்று அப்போது செய்திகள் பறந்தன. ஆனால் அழைக்கப்பட்டவர்களில் 42% பேர்தான் போய்ச் செய்துகொண்டார்கள். பத்து ஆண்டில் வளரும் நோய்க்குப் பத்து ஆண்டுக் கணக்கு போதாது என்பதும் உண்மை. என் பார்வையில் அந்த ஆய்வு சொல்வது, அழைப்பிதழ் யாரையும் காப்பாற்றாது என்பதைத்தான்.

நிகழ்வு ஏறுவது எப்போதும் கெட்ட செய்தியா?

அமெரிக்காவில் இந்த நோயின் நிகழ்வு 1980-களின் நடுவில் உச்சத்தில் இருந்தது, ஒரு லட்சத்துக்கு 60-க்கும் மேல். இப்போது அதில் கிட்டத்தட்ட பாதி. பரிசோதனை பரவியதுதான் இதன் முக்கியக் காரணங்களில் ஒன்று.

ஆனால் ஒரு ஊரில் பரிசோதனையைப் புதிதாகத் தொடங்கினால் முதல் ஓரிரு ஆண்டில் நிகழ்வு ஏறத்தான் செய்யும். குடலில் ஏற்கெனவே ஒளிந்திருந்தவை எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வருகின்றன. அண்மையில் இது அப்படியே கண்முன் நடந்தது. அமெரிக்காவில் பரிசோதனை தொடங்கும் வயதை 50-இலிருந்து 45-ஆக 2021-இல் அதிகாரபூர்வமாகக் குறைத்தார்கள். 45 முதல் 49 வயதுக்காரர்களிடம் குடலைத் தாண்டாத நிலைப் புற்றுநோயின் நிகழ்வு 2021-க்கும் 2022-க்கும் இடையில் மட்டும் சுமார் 50% ஏறியது. எண்ணை மட்டும் பார்த்தால் பயங்கரம். நிலையைச் சேர்த்துப் பார்த்தால், நாலைந்து ஆண்டு கழித்து முற்றிய நிலையில் வந்திருக்க வேண்டியவர்கள் இப்போதே வந்திருக்கிறார்கள்.

ஆகவே நிகழ்வு ஏறினால் எந்த நிலையில் ஏறியது என்று பாருங்கள். ஆரம்ப நிலை மட்டும் ஏறினால் அது பெரும்பாலும் தேடலின் விளைவு. முற்றிய நிலையும் சேர்ந்து ஏறினால் நோயே கூடுகிறது.

வருத்தம் என்னவென்றால், இளையவர்களிடம் இரண்டாவதும் நடக்கிறது. அமெரிக்காவில் 1995-இல் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 55 வயதுக்குக் கீழே இருந்தவர்கள் 11%. 2019-இல் 20%. 1950 வாக்கில் பிறந்தவர்களோடு ஒப்பிட்டால், 1990 வாக்கில் பிறந்தவர்களுக்கு அதே வயதில் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு இரண்டு மடங்கு, மலக்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு நான்கு மடங்கு. தலைமுறையோடு சேர்ந்து ஏறுவதால், உணவு, உடல் பருமன், உட்கார்ந்தே வாழ்வது, குடல் நுண்ணுயிர்கள் என்று பல பக்கமும் தேடுகிறார்கள். 'பிளாக் பாந்தர்' நடிகர் சாட்விக் போஸ்மனுக்கு 2016-இல் கண்டுபிடிக்கப்பட்டபோதே மூன்றாம் நிலை. 2020 ஆகஸ்டில் 43 வயதில் இறந்தார். அவருக்குப் பரிசோதனை வயதே அப்போது வந்திருக்கவில்லை.

உயிர்வாழ்வு எண்ணிலும் இதேபோல ஒரு புதிர் உண்டு. பரிசோதனையில் பாலிப்புகளை எடுத்துவிட்டால், நல்லபடி குணமாகியிருக்கக்கூடிய மெதுவான புற்றுநோய்கள் பல பிறக்கவே பிறக்காது. அவை கணக்கில் வராது. மிஞ்சி வருவதில் வேகமானவற்றின் பங்கு கூடும். எனவே மிக நல்ல பரிசோதனைத் திட்டத்தில் உயிர்வாழ்வு விகிதம் பெரிதாக உயராமலே இறப்பு குறையலாம். காப்பாற்றப்பட்டவர்களில் பெரும் பகுதியினர் நோயாளிகள் பட்டியலிலேயே இல்லை.

ஒரே நிலையில் இருப்பவர்கள் எல்லாரும் ஒன்றல்ல

முதல் நிலையில் சிகிச்சை எளிது. கட்டி உள்ள குடல் பகுதியையும் அதற்கான நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுத்து, இரண்டு முனைகளையும் இணைக்கிறார்கள், பெரும்பாலும் சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோபியிலேயே. கீமோ தேவையில்லை. பாலிப்புக்குள்ளேயே இருக்கும் டி1 கட்டி, ஓரம் சுத்தமாக, ரத்தக்குழாய்க்குள் நுழையாமல் இருந்தால், கொலோனோஸ்கோபியில் எடுத்ததோடு நிறுத்திக்கொள்ளலாம். மலக்குடலின் அடிப்பகுதியில் வந்தால்தான் ஆசனவாய்த் தசையைக் காப்பாற்ற முடியுமா, வயிற்றில் பை வைக்க வேண்டுமா என்ற கேள்வி வரும்.

இரண்டாம் நிலையில்தான் யோசனை தேவை. நிலை ஏற ஏற உயிர்வாழ்வு படிப்படியாகக் குறையும் என்று நினைப்போம், அது அப்படியே நடப்பதில்லை. முடிச்சில் எதுவும் இல்லாத டி4 கட்டிக்கு, முடிச்சில் கொஞ்சம் நோய் உள்ள டி1, டி2 கட்டியைவிட மோசமான முடிவு வருவதுண்டு. காகிதத்தில் முன்னது இரண்டாம் நிலை, பின்னது மூன்றாம் நிலை. அதனால் டி4, குடல் அடைபட்டோ ஓட்டை விழுந்தோ வந்த நிலை போன்றவற்றில் கீமோ பற்றி டாக்டர் பேசுவார்.

ரிப்போர்ட்டில் இன்னொரு எண்ணைத் தேடிப் பாருங்கள்: எத்தனை நிணநீர் முடிச்சுகள் பரிசோதிக்கப்பட்டன? குறைந்தது 12 இருக்க வேண்டும் என்பது வழக்கம். ஐந்தை மட்டும் பார்த்து 'ஒன்றிலும் இல்லை' என்று எழுதினால், அந்த இரண்டாம் நிலை நம்பகமானதல்ல. பார்க்காத முடிச்சில் நோய் இருந்திருந்தால் அவர் உண்மையில் மூன்றாம் நிலை, அவருக்குக் கீமோ கிடைக்காமல் போயிருக்கும்.

எம்எஸ்ஐ அல்லது எம்எம்ஆர் என்று ஒரு வரியும் இருக்க வேண்டும். செல்லின் டிஎன்ஏவில் வரும் பிழைகளைத் திருத்தும் அமைப்பு கெட்டுப்போன கட்டியா என்று அது சொல்கிறது. இரண்டாம் நிலையில் அப்படிப்பட்ட கட்டி என்றால் பொதுவாக நல்ல செய்தி, கீமோ இல்லாமலே நன்றாகப் போகும். 2022-இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் இத்தகைய மலக்குடல் கட்டி இருந்த 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தை மட்டும் ஆறு மாதம் கொடுத்தார்கள். 12 பேருக்கும் கட்டி மறைந்தது, ஆபரேஷனோ ரேடியேஷனோ தேவைப்படவில்லை. மலக்குடல் கட்டிகளில் இந்த வகை மிகச் சில சதவீதம்தான் என்றாலும், அந்த வரி ரிப்போர்ட்டில் இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

இந்தியாவில் இருக்கும் நமக்கு

தென் கொரியா 2004 முதல் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுதோறும் மலப் பரிசோதனை செய்கிறது. அங்கே எல்லா நிலைகளையும் சேர்த்தே ஐந்தாண்டு உயிர்வாழ்வு 70%-ஐத் தாண்டிவிட்டது. இந்தியாவின் தேசியத் திட்டத்தில் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் மூன்றுக்கும் பரிசோதனை உண்டு, பெருங்குடலுக்கு இல்லை. நிகழ்வு குறைவாக உள்ள நாட்டில் எல்லாருக்கும் பரிசோதனை வைப்பது பணத்துக்கேற்ற பலன் தராது என்பது நியாயமான காரணம். ஆனால் அதன் விளைவு, இங்கே பெரும்பாலானவர்கள் அறிகுறி வந்த பிறகுதான் டாக்டரிடம் போகிறார்கள்.

அறிகுறி வந்தும் போகாமல் இருப்பதுதான் மனதை வருத்துகிறது. மலத்தில் ரத்தம் என்றால் 'மூலமாக இருக்கும்' என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். சூடு என்கிறோம், கோழிக்கறியை நிறுத்துகிறோம், மருந்துக்கடையில் ஏதோ வாங்கிப் போடுகிறோம். பல நேரம் அது மூலமேதான். ஆனால் மூலம் இருப்பவருக்குப் புற்றுநோய் வராது என்று எந்த விதியும் இல்லை, இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. வெட்கப்பட்டு மாதக்கணக்கில் வீட்டில்கூடச் சொல்லாமல் இருப்பவர்கள் உண்டு. தயவுசெய்து சொல்லுங்கள்.

ரத்தசோகை இன்னும் மறைவானது. வலப்பக்கப் பெருங்குடலில் வரும் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் கசிந்துகொண்டே இருக்கும். மலத்தின் நிறம் மாறாது, வயிறு வலிக்காது, ஹீமோகுளோபின் மட்டும் இறங்கும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ, எந்த வயது ஆணுக்கோ இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை என்றால், மாத்திரை எழுதிக்கொடுப்பதோடு நிறுத்தாமல் ரத்தம் எங்கே போகிறது என்று தேட வேண்டும். 50 வயதுக்கு உட்பட்டவர்களிடம் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முந்தைய மாதங்களில் அதிகம் காணப்பட்டவை ரத்தப்போக்கு, இரும்புச்சத்து ரத்தசோகை, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு ஆகிய நான்கும்தான் என்று 2023-இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு காட்டியது.

அறிகுறியே இல்லாதவருக்கு ஃபிட் பரிசோதனை நல்ல தொடக்கம். கொஞ்சம் மலத்தை எடுத்துக் கொடுத்தால் போதும், உணவுக் கட்டுப்பாடு இல்லை. ஒருமுறை செய்தால் இருக்கும் புற்றுநோய்களில் ஏறத்தாழ முக்கால் பங்கைப் பிடிக்கும், பாலிப்புகளில் அதைவிட வெகு குறைவு. அதனால்தான் ஒருமுறை செய்து விட்டுவிடாமல் ஆண்டுதோறும் செய்யச் சொல்கிறார்கள். பாசிட்டிவ் வந்தால் கொலோனோஸ்கோபி கட்டாயம், 'இன்னொரு தடவை மலத்தைப் பார்ப்போம்' என்று தள்ளக் கூடாது. ஏற்கெனவே ரத்தம் தெரிகிறவருக்கு இந்தப் பரிசோதனை வேண்டாம், நேராக டாக்டரிடம்தான் போக வேண்டும்.

வீட்டில் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் ஒருவருக்கு இந்த நோய் வந்திருந்தால் 40 வயதிலோ, அவருக்கு வந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்னதாகவோ, எது முதலில் வருகிறதோ அப்போது கொலோனோஸ்கோபி தொடங்க வேண்டும். அண்ணனுக்கு 44-இல் வந்தது என்றால் தம்பிக்கு 34. நோயாளியின் கட்டியில் பிழை திருத்தும் அமைப்பு கெட்டிருந்தால், குடும்பத்தில் வழிவழியாக வரும் லிஞ்ச் சிண்ட்ரோமா என்று மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். அது உறுதியானால், அதே மரபணுப் பழுது உள்ள பிள்ளைகளுக்குக் கொலோனோஸ்கோபி பொதுவாக 20-லிருந்து 25 வயதுக்குள் தொடங்கி, ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை.